வாலு மட்டும்

வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிக்கூடத்திலிருந்து
ஒரு படப் புத்தகம் வீட்டுக்கு வரும்.
திங்கள்கிழமை திரும்பப் போக வேண்டும்,
கிழியாமல், குழம்பு படாமல்.
இந்த வாரம் பூனைப் புத்தகம்.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு,
மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.
லிஃப்ட் மெக்கானிக் நான் தினமும் ஏறுகிறேன்
ஐம்பத்துநான்கு படி.
ஏறி, கை கழுவி,
கிரீஸ் வாசம் போகாத விரலை
எழுத்துக்கு அடியில் நகர்த்தி வாசித்தேன்:
மொட்டை மாடியில் ஐந்து பூனைகள்.

"ஆறு" என்றாள் கெசியா.

ஐந்தரை வயசு. கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது.
அஞ்சுன்னுதான் போட்டிருக்கு பாரு என்றேன்.
எண்ணியும் காட்டினேன்:
கறுப்பு, சாம்பல், இரண்டு வெள்ளை,
காது கடிபட்ட ஒரு செவலை.
"ஆறுப்பா."

கோபம் வந்தது.
கணக்கில் எனக்கு வருகிற கோபம் பழையது.
எட்டாம் வகுப்பில், வழிமுறை எதுவும் இல்லாமல்
புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையை
அப்படியே எடுத்து எழுதியவன்.
விடை சரி. விரல் முட்டியில் விழுந்ததும் சரி.
அதற்குப் பிறகு
அச்சடித்த எதையும் நான் எதிர்த்துப் பேசியதில்லை.

அவள் படத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியைத் தொட்டாள்.
தொட்டிக்குப் பின்னால், தாளின் ஓரத்தில்,
அச்சுப் பிசிறு என்று நான் தாண்டிவிட்ட
ஒரு சின்ன வளைவு.
"வாலு மட்டும் தனியா வருமா?"

அடுத்த பக்கத்தில் மூன்று பூனைகள் குதித்துவிட்டன.
மீதி எத்தனை?
மூணு என்றாள், பார்க்காமலே.
தொட்டி அங்கேயே இருக்கிறதே,
பின்னால் இருப்பது குதித்ததை யார் பார்த்தது?
சரிபார்க்கக் கடைசிப் பக்கத்துக்கு ஓடினேன்.
விடை இல்லை.
பள்ளியின் ஊதா முத்திரை,
யாரோ வைத்த பால் டம்ளரின் வட்டம்.

சனிக்கிழமை துரைப்பாக்கத்தில் வேலை.
ஏழாவது மாடியில் கதவு திறந்தபடி
நின்றுபோன லிஃப்ட்.
கூண்டின் தலைமேல் குந்தியிருந்தேன்,
முழங்கை வரை கறுப்பு.
வெளியே ஒருவர் கேட்கிறார்:
உள்ளே யாராவது மாட்டிக்கிட்டாங்களா?
செக்யூரிட்டி எட்டிப் பார்த்துச் சொல்கிறார்:
"யாருமே இல்ல சார். காலி."

மேல்மூடிச் சந்தின் வழியாக
என் எக்ஸ்டென்ஷன் ஒயர்
கூண்டுக்குள் தொங்கி
லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

சிரித்துவிட்டேன்.
சிரிப்பு அந்த இருட்டுக் கிணற்றில் மேலே போய்
மோட்டாரில் இடித்துத் திரும்பி வந்தது.
"அண்ணே?" என்றார் செக்யூரிட்டி, பயந்துபோய்.

ஞாயிறு ராத்திரி பென்சிலோடு வந்தாள்,
ஐந்தை ஆறாக்க.
கிறுக்கக் கூடாது, அடுத்த பிள்ளை படிக்கணும் என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"சரி. அவங்களே கண்டுபிடிக்கட்டும்."

புத்தகம் பைக்குள் போனது.
நாக்கால் பல்லைத் தள்ளியபடி கேட்டாள்:
இது விழுந்துட்டா எனக்கு எத்தனைப்பா?
ஒண்ணு குறையும் என்று சொல்ல
வாயெடுத்தேன்.
நிறுத்திக்கொண்டு,
ஆ காட்டு என்றேன்,
டியூப்லைட்டுக்குக் கீழே அவள் முகத்தைத் திருப்பி.