ஏற்றத்தில் மட்டும்

இரவு முழுக்க என் கராஜ் வாசலில்
ஐஸ் போட்ட சூரையோடு லொறி.
பாலையூற்றுப் பூனைகள் அத்தனையும் காவல்.
கன்தளாய் தாண்டிப் பயந்து திரும்பியவன்
ஸ்டியரிங்கில் கவிழ்ந்து தூங்கியிருந்தான்.

நாலரைக்குத் தட்டி எழுப்பினேன்.
"ஸ்டார்ட் பண்ணு, நிஸ்தார். ஆறின எஞ்சின்தான் உண்மை பேசும்."

டிக். டிக்.
வார் அறுந்த செருப்போடு யாரோ
உள்ளே நடக்கிற மாதிரி.

"தண்டு தட்டுதாம் காக்கா,
கிண்ணியாவுல சொன்னாங்க.
எஞ்சின இறக்கணுமாம். மூணு லட்சம்."
மூன்று லட்சத்தை அவன் சொன்ன விதத்தில்
ஒரு பூனை எழுந்து தள்ளிப் படுத்தது.

நீட்டு ஸ்குரூ டிரைவரை இரும்பில் ஊன்றி
பிடியைக் காதெலும்பில் வைத்தேன்.
பன்னிரண்டாம் நம்பர் சாவியால்
டீசல் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாய்த் தளர்த்தினேன்.
ஒன்று: அப்படியே.
இரண்டு, மூன்று: அப்படியே.
நான்கில் சத்தம் தணிந்தது.
அவன் முகம் மலர்ந்தது, என் முகம் மலரவில்லை.
தண்டு என்றாலும் தணியும்,
புகை கசிந்தாலும் தணியும்.
இரண்டு பக்கமும் தலையாட்டும் சாட்சி.

பிளேன்டீ வாங்கி வரச் சொன்னேன்.
சூடேறட்டும்.
பாதி கிளாஸில் சத்தம் இளைத்தது,
அடி மண்டியில் இல்லாமலே போனது.
சூட்டில் குணமாகிற தண்டு கிடையாது.
டார்ச் அடித்தேன்:
மேனிபோல்ட் ஓரம் மை தீட்டியது போல் கரி,
நாலாவது ஆணி தலையறுந்து நின்றது.

ஆணியை முறித்தது சூடு.
சூட்டைக் கொண்டுவந்தது யார்?
டேர்போ இந்த லொறியோடு பிறந்ததில்லை,
ஜப்பான் வான் ஒன்றிலிருந்து கழற்றிப் பூட்டியது.
"யார் பூட்டினது?"
"நீங்கதானே."

ஆம். டீசல் வரிசை வருஷம்.
பம்ப் திருகில் நான் இழுத்த நகப்பூச்சுக் கோடு
ஒரு மயிரும் நகரவில்லை.
நிற்கும்போது உறுமினால் ஊசி முந்நூறு.
அவன் சொல்வதோ எழுநூற்றி எண்பது,
பாரத்தோடு ஏறினால் மட்டும்.

அப்படியென்றால் ஏறு.

உவர்மலை ஏற்றம், மூன்றாம் கியர்,
நடுச் சீற்றைக் கழற்றிவிட்டு
எஞ்சினுக்கு மேல் குப்புறக் கிடந்தேன்.
தெருவோர மான்கள் காதைத் திருப்பின.
கீழே துறைமுகம் இன்னும் விளக்கணைக்கவில்லை.
பின்னால் இரண்டாயிரம் கிலோ மீன் சரிந்தது.
"மிதி!"

அப்போது கண்டேன்:
காற்றுக் குழாய்,
கடைசிச் சொட்டுக்குப் பிள்ளை உறிஞ்சும்
ஐஸ் பக்கெட் போல
ஒட்டிச் சப்பி வாய் மூடியது.
காற்றில்லாத டீசல் வேறென்ன செய்யும்,
எரிச்சலில் எரியும்.
காலைத் தளர்த்தினான்.
குழாய் ஒன்றுமறியாத உருண்டையாயிற்று.

தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பின் ஹோஸ் அது.
என் கையால் வெட்டிச் செருகியது.
அன்று கடையில் வேறில்லை,
இருந்திருந்தால் அவனிடம் காசில்லை.

"என்ன காக்கா?"
"ஹோஸ் பழசு," என்றேன்.
பழசு என்பது பொய்யில்லை.

உள்ளே சுருள் கம்பி வைத்துக் கட்டினேன்.
ஆணி ஞாயிறு வரை கசியட்டும்.
மூன்று லட்சம் தப்பிய சந்தோஷத்தில்
பெரிய சூரை இரண்டை
பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான்.

மத்தியானம் வரை அவற்றைத் தொடவில்லை.
பூனைகள் என்னைப் பார்த்தன.