பதினோராம் தொட்டில்

மேற்கே வாசல் வைத்து நிறுத்தாதே என்றேன்.
மொக்கராசு கேட்கவில்லை.
ராட்டினத்துக்குக் குழி தோண்டிவிட்டால்
மிச்ச இடம்தான் எங்களுக்கு.
வண்டியூர்ப் பொட்டல்.
அக்கினி நட்சத்திரம் பிறந்து ஒன்பதாம் நாள்.
கருவேலமரம்கூடத் தன் நிழலைச் சுருட்டி
காலடியில் வைத்துக்கொள்கிற நேரம்.

இழுவை வண்டிதான் வீடு.
நான்கு டயர், ஒரு கொக்கி, சுற்றிலும் தகரம்.
மருந்துக்கடையில் சும்மா கொடுத்த வெப்பமானி
மூன்று மணிக்கு நாற்பத்து நான்கு காட்டியது.
அதற்கு மேலும் கோடுகள் இருந்தன.
துணி போட்டு மூடிவிட்டேன்.

என்னென்னவோ செய்து பார்த்தாயிற்று.
கூரைக்கு இரண்டு பூச்சு சுண்ணாம்பு.
டிவி பெட்டியில் வந்த தெர்மோகோலை அறுத்து
ஜன்னலில் செருகினேன்;
உள்ளே இருட்டு, இருட்டுக்கு விளக்கு,
விளக்குக்கென்று ஒரு சூடு.
ஈரச்சாக்கு விரித்தால் இருபது நிமிஷம்.
அப்புறம் அது அப்பளம்.

சாக்கு நனைக்கத் தண்ணீர் ஏது?
லாரித் தண்ணீர் குடிக்கவே காணாது.
முதலாளி வண்டியில் ஏசி ஓடுகிறது.
அதன் முதுகு எங்கள் ஜன்னலைப் பார்த்து
இரவும் பகலும் அனல் துப்பும்.
அடியில் ஒரு குழாய்,
சொட்டுச் சொட்டாய் நாளுக்கு ஒன்றரை வாளி.
சூடும் அவர் உபயம்,
சாக்குக்கு ஈரமும் அவர் உபயம்.
வாளி நிறையுமுன்பே தமயந்தி
அதில் காலை விட்டு உட்கார்ந்திருப்பாள்.
திட்டத் தோன்றாது.

ராத்திரியிலும் தகரம் விட்டபாடில்லை.
பகலெல்லாம் வாங்கியதை வட்டியோடு தந்தது.
முதுகெல்லாம் வேர்க்குரு, பிள்ளை அழுதாள்.
மரணக்கிணற்றில் பைக் ஓட்டும் ஜெயசீலன்தான்
கயிற்றுக்கட்டிலிலிருந்து எழுந்து வந்து சொன்னான்:
"மேல காத்து இருக்குண்ணே.
பல்பு மாத்தப் போனப்ப பாத்தேன்."

முதலாளியின் குறட்டை கேட்கிறதா என்று
முதலில் காது வைத்துப் பார்த்தார்கள்.
பிறகு மொக்கராசு என்னிடம் வந்து,
"நீ எவ்வளவு இருப்ப?"
பதினோரு வருஷத்தில் கேட்காத கேள்வி.
ஐம்பத்திரண்டு என்றேன்.
பிள்ளை பதினெட்டு,
ரேஷன்கடைத் தராசில் ஏறிய கணக்கு.
எதிர்த் தொட்டிலில் ஒரு சிமெண்டு மூட்டை,
பக்கத்தில் இருபது லிட்டர் தண்ணீர் கேன்.
மோட்டார் போடவில்லை.
நாலு பேர் கையால் தள்ளத் தள்ள
பதினோராம் தொட்டில் உச்சிக்குப் போனது.

முதலில் கழுத்துக்குத்தான் தெரிந்தது.
பிறகு காது மடல். பிறகு
ரவிக்கையின் நனைந்த விளிம்பு.
காற்று! அதில் தூரத்து டீசல் நெடி, 
எங்கேயோ தண்ணீர் பாய்ச்சிய வயலின் வாசம்.
தெப்பக்குளத்து நடு மண்டபம் தெரிந்தது.
வைகை இருக்க வேண்டிய இடத்தில்
விளக்கில்லாத ஒரு நீளம்.
யானைமலை படுத்துக்கிடந்தது,
அதற்கும் கல் சுடும்போல.
அதோ பார் கோபுரம் என்று திரும்பினேன்,
தமயந்தி வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாள்.

மூன்று மணி இருக்கும்.
தொட்டில் ஒரு பக்கமாய் மெல்ல இறங்கியது,
ஒரு முழம், இன்னொரு முழம்.
பிரேக்குக் கட்டை முனகியது.
கீழே டார்ச் வெளிச்சம் அலைந்தது.
நான் மூச்சுக்கூட விடவில்லை,
மூச்சுக்கும் எடை இருக்கலாம்.
ஒரு செங்கல் வைக்கிற சத்தம்.
இன்னொன்று.
நின்றது.
இல்லை, நகர்ந்தது.
மூன்றாவது. நான்காவது.
பிறகு சக்கரம் சும்மா இருந்தது.
அவன் மேலே பார்த்து ஒன்றும் கேட்கவில்லை.

விடிவதற்குள் இறக்கினார்கள்.
சேலையில் கிரீஸ் கறை.
மொக்கராசு எதிர்த் தொட்டிலிலிருந்து
ஒவ்வொரு செங்கல்லாய் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான்,
ரொம்ப மும்முரமாய்,
என் பக்கம் திரும்பாமல்.
அவன் தோள் மட்டும் குலுங்கியது.

இன்றிரவு கேட்டால்
உள்ளதைச் சொல்லிவிட வேண்டியதுதான்.
வெப்பமானியின் துணியை விலக்கினேன்.
மணி ஒன்பதுகூட ஆகவில்லை, முப்பத்தெட்டு.
ஏசிக்கு அடியில் வாளியை நகர்த்தி வைத்தேன்.