ஓடத் தொடங்கும் தூரம்

சத்துவாச்சாரி மலையடியில்
நொடிக்கு அரை மீட்டர் நடக்கப் பழகினேன்.
அதற்கே மூன்று நாள் ஆயிற்று.
இத்தனை வருடம் நடந்திருக்கிறேன்,
என்ன வேகம் என்று யாரும் கேட்டதில்லை.

விதி சின்னது.
ஓணானைப் பார், கண்ணை எடுக்காதே.
நேராகப் போ.
அது ஓடுகிற கணம் நின்றுவிடு.
உன் காலடியில் ஒரு சோடா மூடி,
அது இருந்த இடத்தில் இன்னொன்று,
நடுவில் டேப்.
ஒருநாள் நான் நடப்பேன், தில்ஷாத் எழுதுவாள்.
மறுநாள் மாற்றிக்கொள்வோம்.

கத்திரி வெயில்.
பத்தரை மணிக்குப் பாறை ஐம்பத்தெட்டு டிகிரி.
வெப்பமானியை வெளியே எடுத்தால்
குழாயடி அக்கா நெற்றியைக் காட்டுகிறார்:
"கொரோனா திரும்ப வந்துட்ச்சா?"
இல்லக்கா, இது ஓணானுக்கு.
"அதுக்கு இன்னா, ஜொரமா?"
குடம் நிரம்பி வழிந்தும் சிரிப்பு நிற்கவில்லை.

போனில் அம்மா
வேலியில போற ஓணானை என்று ஆரம்பித்தாள்.
மாசம் ஆறாயிரம் தர்றாங்க என்றேன்.
பழமொழி பாதியில் நின்றது.

நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று
இந்த ஊரைக் கேலி செய்ய ஒரு பட்டியல் உண்டு.
பட்டியல் போட்டவர்
மே மாதத்தில் மலை ஏறியிருக்கமாட்டார்.
முதுகில் மஞ்சள், விலாவில் மை,
எதிரி தலை தெரிந்தால் மஞ்சள் சிவக்க
பாறைக்கு ஒரு ஆண் நின்று
தண்டால் எடுக்கிறது.

மலைமேல் எட்டு மீட்டர், ஒன்பது.
கீழே வீட்டுச் சுவர்களில் இரண்டு, ஒன்றரை;
துணி காயப்போடுகிறவர்களோடு
வாழப் பழகியவை.
இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

பையன்கள் பள்ளியின் பின்சுவரில் மட்டும்
பதினொன்று.
பன்னிரண்டு. பதினொன்றரை.
டேப் தப்போ என்று மறுபடி அளந்தோம்.
சுவரெங்கும் காரை பெயர்ந்து
கட்டைவிரல் அகலக் குழிகள்.
தில்ஷாத் ஜல்லி ஒன்றைப் பொறுக்கி
ஒரு குழியில் வைத்துப் பார்த்தாள்.
பொருந்தியது.

பள்ளிக்கு விடுமுறை.
வாரம் ஒருமுறை போனோம்.
பத்து.
எட்டரை.
ஏழு.
மே கடைசியில் ஐந்தே முக்கால்.
வால்நுனி இழந்த ஒன்று மட்டும்
குறையவே இல்லை, பன்னிரண்டிலேயே இருந்தது.
ஜவ்வாது மலையில் சிக்னல் கிடைத்தபோது
ஆராய்ச்சி மாணவர் பிரதீபன் பதில் அனுப்பினார்:
ஒரே சுவர். மாதிரி போதாது.
அடுத்த நிமிடமே இன்னொன்று:
ஆனா நிறுத்தாதீங்க.

அன்று மாலை இறங்கி வரும்போது
பின்னால் ஒரு பைக் வேகம் குறைந்தது.
திரும்பிப் பார்க்காமலே
இருவரும் ஒரே நேரத்தில்
சாக்கடை ஓரம் ஒதுங்கினோம்.
பைக் போய்விட்டது.
வழி கேட்க நினைத்தவனோ என்னவோ.
எத்தனை மீட்டர் இருக்கும்டி, என்றாள்.
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

பள்ளி திறந்து நான்காம் நாள், கடைசி அளவு.
காலை எட்டு, மணி அடிக்கவில்லை.
தில்ஷாத் நடந்தாள், ஓணான் ஓடியது,
மூடியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால்
புதுச் சீருடை மடிப்புக் கலையாமல் ஐந்து பேர்.
"இன்னாக்கா தேடுறீங்க?"
எல்லோரையும்விடச் சின்னவன் கையில் ஜல்லி.
அவனிடம் எதையும் விளக்கவில்லை அவள்.
இந்த நுனியைப் பிடி, என்றாள்.

அவன் கல்லைக் கீழே போடவில்லை.
இடது கைக்கு மாற்றிக்கொண்டு
வலது கையால் டேப்பைப் பிடித்து
மூடிவரை போய்க் குனிந்து
உரக்கப் படித்தான்:
ஒன்பது புள்ளி இரண்டு.
பிறகு, சுவரைப் பார்த்தபடி:
"இன்னா, நம்மளக் கண்டா ஓடுது?"