முயலுக்கு ஒரு முக்காலி

காலை எட்டு. வோரு நகரம் இன்னும் சரியாக விடியவில்லை.
வெப்பமானியில் மைனஸ் பதினெட்டு.
பால் தொழிற்சாலையில் இரவுவேலை முடித்து
பூட்ஸோடு நேராகத் தோட்டத்துக்குப் போகிறேன்.
கழற்றினால் திரும்ப மாட்ட மனசு வராது.

முதலில் ஜூனிப்பர்.
துடைப்பக்கட்டையால் கீழிருந்து மேலாகத் தட்டவேண்டும்.
மேலிருந்து அடித்தால் கிளை முறியும்;
போன வருஷம் முறித்துத் தெரிந்துகொண்டது.
காலருக்குள் பனி இறங்குகிறது,
தட்டியவளுக்குக் கூலி.

நிலவறையில் மரத்தூள் பெட்டி, டாலியா கிழங்குகள்.
ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் அழுத்துகிறேன்.
அதற்கு முன்பே மூக்கு சொல்லிவிட்டது.
மூன்று போய்விட்டன.
ஈரத்தில் சீட்டுகளின் மை கரைந்திருக்கிறது.
செத்தது மஞ்சளா ஊதாவா
ஆகஸ்டில்தான் தெரியும்.

பிறகு ஆப்பிள். நான்கு வயதுக் கன்று.
அக்டோபரிலேயே முழங்கால் உயரத்துக்குச் சாக்கு சுற்றி
கம்பியால் முறுக்கி
இனி வா பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.
அதன் பிறகு பனி பெய்தது.
பெய்துகொண்டே இருந்தது.
சாக்கு புதைந்தது, பனி இறுகியது.
நானே முக்காலி போட்டுக் கொடுத்ததுபோல
அதன்மேல் ஏறி நின்று
சாக்குக்கு மேலே சாவகாசமாகத் தின்றிருக்கிறது முயல்.
சுற்றிலும். ஒரு விரலகலம்கூட மிச்சமில்லை.
வெள்ளை வளையம்.

மரம் உடனே சாகாது, அதுதான் கொடுமை.
ஏப்ரலில் மொட்டு விடும்.
பூக்கக்கூடப் பூக்கும்.
இலைகளுக்குச் செய்தி போய்ச்சேர ஜூன் ஆகும்.

நான் மண்டியிட்டிருந்ததை
பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஹெல்துர் பார்த்திருக்கவேண்டும்.
இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை.
அவருடைய ஸ்ப்ரூஸ் மரத்தின் நிழல்
என் தக்காளிக் கண்ணாடிக்கூண்டின் மேல் விழுகிறது.
வெட்டச் சொல்லி நகராட்சிக்கு எழுதினேன்.
நிழலுக்கு மனு போட்டவள் என்று
கடைத்தெருவில் எனக்குப் பெயர்.

வேலி பனிக்குள் இருந்தது.
படி ஏறுவதுபோல் ஏறி இந்தப் பக்கம் இறங்கினார்.
வணக்கம் இல்லை.
கையுறையைப் பல்லால் கழற்றி
வளையத்தைத் தடவிப் பார்த்தார்.
"பாலம் போடலாம்."

அதே மரத்தின் உச்சியிலிருந்து
போன வருஷத்துத் தளிர்கள் ஆறு வெட்டினார், பென்சில் கனம்.
ஈரத்துணியில் சுற்றி, பையில் போட்டு
வடக்குச் சுவரோரம் பனியைத் தோண்டி வைத்தோம்.
அடையாளத்துக்கு என் உடைந்த ஸ்கீக் கம்பு.
ஏப்ரல் கடைசியில், மரத்தில் சாறு ஏறிப்
பட்டை கழன்று கொடுக்கும்போது
கீழ்ப்பட்டைக்கும் மேல்பட்டைக்கும் நடுவே
அந்தக் குச்சிகளைச் செருகவேண்டுமாம்.
"இரண்டு பிடித்தால் போதும். அதுவரை தூங்கட்டும்.
குச்சி முன்னாலேயே விழித்துக்கொண்டால் வீண்."
வந்த வழியே ஏறிப் போனார்.
நிழலைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும்.

அன்றிலிருந்து தினமும் ஒரு வேலை கூடுதல்:
மரங்களைச் சுற்றிப் பனியை மிதித்து அமுக்குவது,
சாக்கை இடுப்புவரை உயர்த்துவது,
கம்பு சாயாமல் இருக்கிறதா என்று பார்ப்பது.

பிப்ரவரி நடுவில் மூன்று நாள்
கூரையெல்லாம் ஒழுகியது.
வடக்குச் சுவரோரமும் ஒழுகியது.
துணியின் நுனி வெளியே தெரிந்தது.
தள்ளுவண்டியோடு தோட்டம் முழுக்கப் பனி தேடினேன்.
சேறு. பழைய புல். நாய் தொலைத்த பந்து.

இருந்தது ஒரே இடத்தில்.
என் கண்ணாடிக்கூண்டின் கதவருகே
ஸ்ப்ரூஸ் நிழலில், இடுப்புயரம், கல்போல.

கடப்பாரையால் உடைத்து அள்ளினேன். நான்கு நடை.
ஹெல்துரின் ஜன்னலில் விளக்கு எரிந்தது.
நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.
அந்த மனு
நகராட்சியில் எந்த அலமாரியில் இருக்கிறதோ.