துண்டு

முகாமுக்கு இன்னும் பதினோரு நாள்.
சாரணர் ஆசிரியர் தந்த தாளில்
தட்டு, டம்ளர், போர்வை, டார்ச்,
பூட்டு ஒன்று, சாவி இரண்டு.
கடைசி வரி:
"பொருட்களுக்கு மாணவரே பொறுப்பு."

அகரனுக்கு ஒன்பது வயது.
குளியலறைக் கதவைத் திறந்து
"துண்டு" என்று மட்டும் சொல்வான்.
எங்கள் வீட்டில்
துண்டு தானே நடந்துபோய்
அவனைத் துவட்டும்.

முதலில் பூட்டு.
அழுத்தினாலே மூடிக்கொள்ளும் ரகம்.
சாவியைப் பெட்டிக்குள் போட்டு
பெட்டியைப் பூட்டிவிட்டு
சாவியைத் தேடினான்.
ஆக்சா பிளேடு எடுக்க நான் எழுந்தேன்.
சுகந்தி என் சட்டையைப் பிடித்து
உட்காரவைத்தாள்.
இருபது நிமிடம்.
"இன்னொரு சாவி இருக்குல்ல?"
அவனே கேட்டு, அவனே பதில் சொல்லி,
ஸ்டூல் போட்டு ஏறி
காலண்டர் ஆணியிலிருந்து எடுத்தான்.

பனியன் துவைக்கப் பழகியதில்
அரைக் கட்டி சோப்பு சாக்கடைக்குப் போனது.
அவன் மடித்த போர்வைக்குள்
யாரோ ஒளிந்திருப்பதுபோல் இருந்தது.
இருக்கட்டும் என்றாள்.
அவள் போன பிறகு
நான் திருட்டுத்தனமாகப் பிரித்து மடித்தேன்.
திரும்பி வந்து
பழையபடி கலைத்துவைத்தாள்.

நான் ஓட்டுவது டவுன் பஸ்.
பழைய பஸ் ஸ்டாண்டு, அம்மாபேட்டை,
ஒரு நாளைக்கு எட்டு நடை.
எங்கும் மலை கிடையாது.
என் பிள்ளைக்கோ
ஏற்காட்டு ரோட்டின் இரண்டாம் வளைவிலேயே
வாயில் எச்சில் ஊறும்.
போன வருஷம் மூன்றாம் வளைவில்
என் உள்ளங்கையில்தான் எடுத்தான்.
மொத்தம் இருபது கொண்டை ஊசி.
இந்த முறை என் கை
இங்கேயே ஸ்டியரிங்கில் இருக்கும்.

மாத்திரை அரை மணி முன்னால்.
முன் சீட்டு.
குனிந்து எதையும் படிக்காதே.
கவர் இடது பாக்கெட்டில்.
சொல்லு பார்ப்போம்?
சொன்னான்.
இன்னொரு தடவை?
சொன்னான்.
ஐந்தாவது தடவை,
"எனக்குத் தெரியும்பா."
அந்தக் குரலை
நான் அதற்குமுன் கேட்டதில்லை.

கிளம்ப நான்கு நாள் இருக்கையில்
ஹாலில் தனியாகப் படுக்கை, ஒத்திகை.
இரண்டு மணிக்குக் காலடிச் சத்தம்.
எங்கள் அறை வாசலில் நின்றது.
கண்ணை மூடிக்கொண்டேன்.
சுவிட்ச். தண்ணீர். சுவிட்ச்.
திரும்பிப் போய்விட்டது.
பக்கத்தில் சுகந்தியின் மூச்சு
தூங்குகிறவள் மூச்சாக இல்லை.

சனிக்கிழமை, அஸ்தம்பட்டி.
பள்ளி வாசலில் பஸ்.
முன் டயரைக் காலால் தட்டிப் பார்த்தேன்.
பின் டயரையும்.
டிரைவர் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து
"அண்ணே, நானும் புள்ள பெத்தவன்தான்" என்றார்.
டாட்டா காட்டினேன்.
அகரன் யாரிடமோ
பூட்டைக் காட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டு ராத்திரியும்
கன்னங்குறிச்சி மொட்டை மாடி.
எதிரே மலை, அதன் மேல் பனி,
பனிக்குள் ஏழெட்டு விளக்கு.
"எந்த விளக்குன்னு மட்டும் கேக்காத"
என்றபடி அவளும் ஏறி வந்தாள்.

திங்கள் மாலை இறங்கினான்.
ஒரு காலில் வேறு யாருடைய சாக்ஸோ.
கழுத்துக் கயிற்றில் சாவி.
துண்டைக் காணோம்.

"வாந்தி வந்துச்சா?"
"ம். பதிமூணாவது வளைவுல."
"கவர்?"
"நிஷாந்துக்குக் குடுத்துட்டேன்.
அவன் பன்னெண்டுலயே ஆரம்பிச்சிட்டான்."
"அப்ப நீ?"
"ஜன்னல்.
டிரைவர் அங்கிள் ஓரமா நிறுத்தித்
தண்ணி குடுத்தாரு.
நானே கழுவிட்டேன்,
பஸ்ஸையும்."

வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போனான்.
துண்டோடு கதவருகில் நின்றேன்.
தண்ணீர் நின்றது.
கதவு திறந்தது.
என்னைத் தாண்டிப் போனான்.

தரையில்
கொடிவரைக்கும் போய்
திரும்பி வந்தன
ஈரக் கால்கள்.