பிடுங்கிய கணக்கு

கிராபோ மலையில் தீ அடங்கிப்
பதினெட்டு மாதம்.
கரிந்த சரிவில் முழங்கால் ஊன்றி
சாண் நீளப் பைன் கன்றுகளைப் பிடுங்குகிறோம்.
இரண்டு விரல் போதும்.
வேர் விடும்போது
நனைந்த நூல் அறுந்தாற்போல் ஒரு சத்தம்.

நூறு கன்றுக்கு ஒரு கூழாங்கல்.
நொலுவாஸி சொல்லித்தந்த கணக்கு.
மதியத்துக்குள்
கால்சட்டைப் பை இடுப்பை இழுக்கிறது.

கீழே தோட்டம். வரிசை, வரிசை,
உச்சிவெயிலிலும் விளக்குக் கேட்கும் இருட்டு.
வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள்.
இங்கேயும் ஒன்று உண்டு, புரோட்டியாக் கிளையில்,
கட்டைவிரல் அளவு;
அது எதையும் சொல்வதாக இல்லை.
பைன் விதைக்கு ஒற்றைச் சிறகு.
தென்கிழக்குக் காற்றுக்கோ
வேலி எந்தப் பக்கம் என்றே தெரியாது.

நெருப்புக்குக் காத்திருந்தவை எல்லாம்
ஒரே வாரத்தில் வாய் திறந்தன.
புரோட்டியாவும்தான்.
பின்குஷன் பூவின் விதையை
எறும்புகள் முன்பே மண்ணுக்குள் கடத்தியிருந்தன.
ஆனால் பைன்
வளரும்போது திரும்பிப் பார்ப்பதில்லை.

ஓடையில் ஓர் அளவுப் பலகை,
வெள்ளையில் கறுப்புக் கோடுகள்.
டெரிக் திங்கள்தோறும் போய்ப் பார்த்து
நோட்டைத் திறக்காமலே வருவான்.
தண்ணீர் முதல் கோட்டுக்கும் கீழே.

எனக்கு இதில் ஒரு சங்கடம்.
அப்பா இருபத்தாறு வருஷம்
இந்த மரத்தைத்தான் அறுத்தார்.
ஸ்டாங்கரில் கரும்பு வேலை போய்
ஒரு தகரப் பெட்டியும்
படையாச்சி என்கிற பெயருமாக
இங்கே வந்து இறங்கியவர்.
என் பள்ளிக் கட்டணம் பைன்.
நான் படுத்த கட்டில் பைன்.
அவரைக் கொண்டுபோன பெட்டியும்
மில்காரர்கள் இனாமாகத் தந்த பலகை,
பிசின்கூட உலரவில்லை.

நொலுவாஸியிடம் சொல்லிப் பார்த்தேன்:
அவரும் வேலி தாண்டி வந்தவர்தானே.
அவள் நிமிரவில்லை.
"உன் அப்பா ஓடையைக் குடித்தாரா?"
"இல்லை."
"அப்போ பேசாமல் பிடுங்கு.
அந்தக் கல் இடுக்கில் ஒன்று நிற்கிறது பார்."

பார்த்தேன். கைக்கு எட்டவில்லை.
அதன் நிழலே
ஒரு கை அகலத்துக்கு விழுந்திருந்தது.

பதினேழு கல்.
வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவியும்
விரலில் பிசின் வாசம்,
அப்பா சோறு பிசையும்போது அடிப்பது.
அப்படியே சாப்பிட்டேன்.

நாளை மேற்குச் செங்குத்து.
கயிறு எடுத்துவைக்க வேண்டும்.