கயிறு கட்டிய தெரு

ரொட்டி உடைந்துவிட்டது.
அவ்வளவுதான் நடந்தது.
நான்தான் உடைத்தேன், சூடு ஆறட்டும் என்று.
"ஒட்டு" என்றான் இலாரியோ.
ஒட்டாதுடா கண்ணா என்றேன்.
அதற்குப் பிறகு புந்தா அரேனாஸில்
இரண்டு காற்று.

ஒன்று ஜலசந்தியிலிருந்து வந்து
தகரக் கூரையை நெம்பிக்கொண்டிருந்தது.
மற்றது சமையலறைத் தரையில் கிடந்து
குதிகாலால் உதைத்தது,
ஒரு காலில் மட்டும் காலுறையோடு.

நண்டு ஆலையில் இரவு முழுக்க ஓடு பிரித்து
அப்போதுதான் வந்திருந்தேன்.
நகக்கண்ணில் உப்பு எரிந்தது.
"போதும்!" என்று நான் போட்ட கூச்சல்
பக்கத்து வீட்டு நெல்டாவுக்குக் கேட்டிருக்கும்.
அவன் ஒரு கணம் நிறுத்தி
என் வாயைப் பார்த்தான்.
பிறகு இன்னும் உரக்க.

மூன்று வயது இன்னும் நிரம்பவில்லை.
"பூட்ஸ் கெட்டது" என்பான்.
"கரண்டி கெட்டது."
ஒருநாள், "செவ்வாய்க்கிழமை கெட்டது."
தூக்கம் சொக்குகிறது,
காது அடைக்கிறது,
விழித்தபோது நீ இல்லை,
எல்லாவற்றுக்கும் சேர்த்து
அவன் கையில் இருப்பது ஒரே சொல்.
அதை எதன்மேலாவது எறிய வேண்டும்.
கரண்டிதான் பக்கத்தில் இருக்கிறது.

முந்தாநாள் நான் எரிவாயு அடுப்பை உதைத்தேன்.
அடுப்பு என்ன பாவம் செய்தது?
சம்பளச் சீட்டில்
ஆறு மணி நேரத்தைக் காணோம்.

தரையில் உட்கார்ந்தேன்.
சமாதானம் எதுவும் சொல்லவில்லை.
சொல்லத் தெம்பில்லை என்பதுதான் உண்மை.
உதை மெல்ல நகர்ந்து என் தொடைக்கு வந்தது,
அதன்பின் வியர்த்த தலை.
வாய்க்குள் விரல் விட்டுத் தடவினேன்.
கடைசி ஈறு வீங்கிச் சுட்டது.
நறுக்கென்று கடித்தான்.

பத்து மணிக்குக் காப்பகத்துக்குக் கிளம்பினோம்.
சதுக்கத்து முனையில்
கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டியிருந்தார்கள்.
காற்றை யாரும் அதட்டவில்லை.
வங்கிக்காரர், மீன் விற்பவள், பள்ளிப் பிள்ளைகள்,
ஒரு கை கயிற்றில், ஒரு கை தொப்பியில்,
குனிந்தபடி கடந்தார்கள்.

நான் கயிற்றைப் பிடித்தேன்.
அவன் என் சுண்டுவிரலை.
பாதித் தெருவில் அதையும் விட்டுவிட்டுக்
கோட்டுப் பைக்குள் துழாவினான்.
அவசரமாய் அவன் முதுகுத்துணியைப் பற்றினேன்.
இரண்டு ரொட்டித் துண்டுகள்.
விளிம்போடு விளிம்பு வைத்து
மூச்சுப் பிடித்து அழுத்தினான்.

பெரியதைத் தின்றான்.
சின்னதைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டான்,
சாயங்காலம் ஒட்டுவதற்கு.